நடுக்கட்டத்தில் ஒரு அரக்குப் புடவை

எங்கள் கடையில் ஒரு கேள்வியைக் கேட்கவே மாட்டோம். ‘இந்தத் துணியெல்லாம் யாருடையது?’ என்பதுதான் அது.

சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் போகிற சாலையில், ஜூஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, முன்பு யாரோ கோழிக்கறி விற்ற அறை. சுண்ணாம்பு அடித்து, சாம்பிராணி போட்டு, அதற்குப் பிறகும் மழை நாட்களில் லேசாக இறகு வாசனை வரும். பழைய புடவைகளைக் கொண்டுவந்து கொடுத்தால் கட்டம் கட்டமாக வெட்டி, இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் மெல்லிய பருத்தி வைத்துப் போர்வையாகத் தைத்துத் தருவோம். நானும் என் நாத்தனாரும் சேர்ந்து தொடங்கியது. இந்த வெக்கை பிடித்த ஊரில் யார் போர்வை தைக்கக் கொடுப்பார்கள் என்று என் கணவர் கேட்டார். ஏசி வாங்கினவன் எல்லாம் கொடுப்பான் என்றாள் அவர் தங்கை. அவள் சொன்னதுதான் நடந்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளைப் பெட்டிகள் முளைக்க முளைக்க எங்கள் மேஜையில் புடவைகள் ஏறின. வெளியே தார் இளகிக்கொண்டிருக்கும். உள்ளே ஜனங்கள் குளிரில் நடுங்க ஆசைப்பட்டார்கள். அந்த நடுக்கத்தில் எங்கள் பிழைப்பு.

நாத்தனார் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்காகச் சட்டைக் காலர் மட்டும் தைத்தவள். கை, பை, பட்டன் எல்லாம் வேறு யாரோ தைப்பார்கள். முழுச் சட்டையை அவள் கடைகளில்தான் பார்த்திருக்கிறாள். ஒரு பொருளை முதல் தையலிலிருந்து கடைசித் தையல் வரை தானே தைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. நான் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அடுத்தவர் வாக்கியங்களின் ஓரத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் ஒரு வெறி. எங்கள் இரண்டு வெறிகளுக்கும் நடுவில், பெரும்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வரும் மிஷின் அக்கா. வாடிக்கையாளர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே. நகரத்துக்குள் ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்து, அரசாங்கத்தால் உயரமான மாடியொன்றுக்கு அனுப்பப்பட்டவள். லிஃப்ட் ஓடாத நாளில் படிக்கட்டோடு போட்ட சண்டையைக் கடைக்கும் எடுத்துவருவாள். அந்தச் சண்டை தீரும்வரை மிஷின் பறக்கும். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியும்.

ஆரம்பத்தில் நாங்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். சும்மா பேச்சுக்குத்தான். ஆனால் துணியை யாரும் சும்மா வைத்திருப்பதில்லை. அஸ்தினாபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா, தன் அக்காவின் புடவைகள் என்று சொல்ல ஆரம்பித்து, எங்கள் சாப்பாட்டு நேரம் முழுக்க அழுதார். நாங்கள் திறந்து வைத்திருந்த எலுமிச்சை சாதத்தை அழுகைக்கு நடுவே சாப்பிட்டும் முடித்தார், உப்பு சற்றுக் குறைவு என்றார், பிறகு வெட்ட மனசில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நாத்தனார் சட்டம் போட்டாள். அளவு கேள், அடித்துணி என்ன நிறம் என்று கேள், எப்போது வேண்டும் என்று கேள். யாருடையது என்று மட்டும் கேட்காதே.

கேட்பதை விட்டதும் பார்க்கப் பழகினோம். புடவை பேசும். சமையல் மேடையில் சாய்ந்து சாய்ந்து நின்றவளுக்கு வயிற்றுப் பக்கம் துணி மெலிந்திருக்கும். பஸ்ஸில் ஏறி இறங்கியவளுக்குக் கால் ஓரம் கிழிந்து, ஃபால்ஸ் மாற்றப்பட்டிருக்கும். முந்தானையில் குழந்தை கடித்த இடம், முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு நைந்த இடம். நாங்கள் மூன்று பேரும் புடவையை விரித்து வைத்துக்கொண்டு, அதைக் கட்டியவளை மேஜையின் மேல் எழுப்பி உட்கார வைத்துவிடுவோம். அதில் எங்களுக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மிதப்பை இறக்குவதற்கென்றே நடந்தது போலச் சின்னச் சின்ன விபத்துகளும் நடந்தன. ஒருவர் தன் அப்பாவின் வெள்ளை வேட்டிகளோடு ஒரு சுங்குடிப் புடவையும் கொடுத்திருந்தார். தைத்து முடித்து அலசியதில், சுங்குடியின் சிவப்பு இறங்கி வேட்டியெல்லாம் ரோஜாப்பூ நிறம். அவர் பார்த்துவிட்டு, அப்பா உயிரோடிருந்தால் இதைத் தொடக்கூட மாட்டார் என்று சொல்லிச் சிரித்துவிட்டு எடுத்துப் போனார். தொலைந்த ஊசியைத் தேட, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று வைத்திருந்தோம். ஒவ்வொரு போர்வையின் மேலும் அதை நகர்த்திப் பார்த்த பிறகுதான் மடிப்போம். ஒரு முறை மிஷின் அக்கா தன் முந்தானையையும் போர்வையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, டீக்காகச் சட்டென்று எழுந்தாள். முழுப் போர்வையும் அவள் பின்னால் எழுந்து, மயில் தோகை மாதிரி ஜூஸ் கடை வரை போயிற்று. ஜூஸ் கடைக்காரர் கை தட்டினார். அவள் திரும்பி, “இன்னா பாக்கற, டிக்கெட் எட்துகினியா?” என்றாள்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் முதலில் வருவது நாப்தலின் உருண்டை வாசனைதான். பீரோக்களின் உள்மூச்சு. எத்தனை வீட்டு பீரோக்கள் எங்கள் அறைக்குள் வந்து மூச்சு விட்டிருக்கும்! அதோடு சேர்ந்து பஞ்சுத் தூசி. சாயங்கால வெயில் கதவு வழியாகச் சாய்வாக விழும்போது அந்தத் தூசி பறக்கும். நாத்தனாரின் நரைத்த காதோர முடியும் அந்தத் தூசியும் ஒரே பொன் நிறமாகிவிடும். பேசிக்கொண்டே இருப்பாள். அவள் பேச்சுக்கும் தையலுக்கும் ஒரே தாளம். நூல் தீரும்போதுதான் வாக்கியம் முடியும்.

சரி, அரக்குப் புடவைக்கு வருகிறேன்.

ஆண்கள் தனியாக வருவது குறைவு. பெண்கள் தங்கள் புடவையைத் தாங்களே கொண்டுவருவார்கள். அக்கா தங்கைகள் சேர்ந்து வந்து, எதை வெட்டுவது என்று கடையிலேயே அடித்துக்கொள்வார்கள். ஓர் ஆண், வயதானவர், தனியாக, பை நிறைய மனைவியின் புடவைகளோடு வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். அப்படி வருகிறவருக்கு நாங்கள் நாற்காலி போடுவோம். ரேடியோவைக் குறைப்போம். ஜூஸ் கடையிலிருந்து மோர் வரும். அவர் வேலையை வரிசையில் முன்னால் வைப்போம். ஒன்றும் கேட்க மாட்டோம்.

பங்குனியில் ஒரு காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், மாடம்பாக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். நிலமெல்லாம் மனையாகிவிட்ட பழைய குடும்பம். வெகுநாள் பெயிண்ட் கடை வைத்திருந்து, இப்போது மகனிடம் விட்டுவிட்டவர். இதெல்லாம் அவரே சொன்னது. முகத்தில் தாடி. சட்டையில் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. இஸ்திரி இல்லை. கையில் பெரிய கட்டைப்பை. காது கொஞ்சம் மந்தம் போல. நாங்கள் பேசும்போது எங்கள் வாயைப் பார்த்தார்.

“டபுள் கட்டில் அளவும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்” என்றார். பிறகு, “எல்லாம் என் வொய்ஃபோடது” என்று அவராகவே சேர்த்துக்கொண்டார்.

டபுள் கட்டில் என்றதும் மிஷின் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதிக் கட்டில் காலியாகக் கிடக்குமே என்று அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றதும் நாத்தனார் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு ஏதோ காரியம், படையல் என்று கண்ணாலேயே முடிவு செய்துகொண்டோம். மோர் வந்தது. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வீட்டில் மோர் ஊற்றித் தர ஆள் இல்லை என்றார். மிஷின் அக்கா இன்னொரு டம்ளர் வாங்கி வந்தாள்.

அவர் போன பிறகு பையைப் பிரித்தோம். எல்லாம் பட்டு. கால் ஓரம் தேயாதவை. மடிப்பிலேயே நின்று மடிப்பிலேயே களைத்துப் போன புடவைகள். அவற்றுக்கு அடியில், ஒரு வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, அரக்குச் சிவப்பு ஒன்று. உடல் முழுக்க ஜரிகைப் பொட்டு. முந்தானை மூலையில் மஞ்சள் கறை.

“முகூர்த்தப் புடவை” என்றாள் நாத்தனார்.

யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு தரம் கட்டியது, மஞ்சள் கறை, தனியாகச் சுற்றி வைத்தது. இதையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாரே மனுஷன் என்று மிஷின் அக்கா மூக்கை உறிஞ்சினாள். மற்ற புடவைகளைக் கட்டங்களாக வெட்டினோம். அரக்கை மட்டும் பெரிய சதுரமாக வெட்டி நடுவில் வைத்தோம், மஞ்சள் கறை தெரிகிற மாதிரி. மிச்சத்தில் சுற்றிலும் கரை. அந்த வாரம் நாங்கள் அதிகம் பேசவில்லை. ரேடியோகூடப் போடவில்லை. மேலே விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் வட்டமடித்துக்கொண்டே இருந்தன. அவையும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போவதாகத் தோன்றியது எனக்கு. துக்கம் யாருடையதென்று தெரியாவிட்டாலும் அதற்குள் உட்கார்ந்து தைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இருக்கத்தான் செய்கிறது.

வியாழக்கிழமை அவர் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மேல்துணி தைத்து முடிந்து மேஜையில் விரிந்திருந்தது. கையை வைத்துத் தடவிப் பார்த்தார். அப்போது அவர் போன் அடித்தது. காது மந்தமானவர்கள் செய்வது போல ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏங்க, மோட்டரைப் போட்டீங்களா?” என்றது ஒரு பெண் குரல். பின்னால் கோயில் மணியும் நிறைய ஆட்களின் இரைச்சலும்.

“போட்டேன்.”

“நிறுத்துனீங்களா?”

அவர் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தார். “நிறுத்திட்டேன்” என்றார்.

“யோசிச்சீங்க. அப்போ நிறுத்தல. மாடியிலேருந்து தண்ணி தெருவுக்குப் போகும், எதிர் வீட்டுக்காரம்மா எனக்குத்தான் போன் பண்ணுவா, காசிக்கு. போய் நிறுத்துங்க மொதல்ல.”

போன் அணைந்தது. மிஷின் நின்றிருந்தது. மிஷின் அக்கா குனிந்து, என் காதுக்கு மட்டும், “இன்னாக்கா, அந்தம்மா உசுரோட கீதா?” என்றாள். “அப்போ நாம இன்னாத்துக்கு மோர் குட்தோம்?”

நாத்தனார் தன் சட்டத்தைத் தானே மீறினாள். “சார், இதெல்லாம் யார் புடவை?” என்று கேட்டாள், அவர் வாயைப் பார்க்கும்படி முன்னால் நின்று.

“என் வொய்ஃபோடதுதாம்மா. சொன்னேனே.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“சர்ப்ரைஸ்மா” என்றார். முகம் மலர்ந்தது. அதுவரை அவர் முகம் மலர்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

எல்லாம் வெளியே வந்தது. மனைவி தன் தங்கைகளோடு காசிக்குப் போயிருக்கிறார். இவருக்கு முழங்கால் வலி, ரயிலில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. திங்கட்கிழமை திரும்பி வருகிறார். அதற்குள் இவர் படுக்கையறையில் ஏசி போட்டு வைத்திருக்கிறார். மனைவிக்குக் குளிர் ஆகாது, ஏசி வேண்டாம் என்று பல வருஷச் சண்டை. அதனால் ஏசியும் அதற்கொரு போர்வையும் ஒரே நாளில் காட்டிவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. புடவைகளை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்றால், அதற்கும் கணக்கு இருந்தது. தினமும் கட்டுகிற புடவை அவளுக்கு வேண்டும், அதைத் தொடக்கூடாது. வருஷக்கணக்காகக் கட்டாமல் இருக்கிற புடவை அவளுக்கு வேண்டாததுதானே?

மூன்று பெண்கள் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

“சார், கட்டாம வச்சிருக்கறதுதான் சார் நல்ல புடவை” என்றாள் நாத்தனார், மெல்ல. பிறகு நடுக்கட்டத்தைக் காட்டினாள். “அதுவும் இது… உங்க முகூர்த்தப் புடவை.”

அவர் குனிந்து பார்த்தார். “இதுவா? இல்லையேம்மா. அது நீலம்.”

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. முகூர்த்தத்துக்கு யாராவது நீலத்தில் எடுப்பார்களா, ஊரில் எந்தக் கல்யாணத்திலாவது பார்த்திருக்கிறாரா என்று நாத்தனார் கேட்டாள். நான் மஞ்சள் கறையைக் காட்டினேன். கால் ஓரம் தேயவில்லை என்பதைக் காட்டினேன். துணி பேசும் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அவர், தான் பெயிண்ட் கடை வைத்திருந்தவர், நிறம் மறக்காது என்றார்.

“பெயிண்ட்டு வேற சார், பொண்டாட்டி வேற” என்றாள் மிஷின் அக்கா.

அவர் எழுந்தார். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும் என்றார். ஆனால் போகிற வேகத்தில் போகவில்லை. வாசலில் நின்று, செருப்பைப் போட்டுக்கொண்டே, “நீலம்தானே…” என்று செருப்பைக் கேட்டார்.

மறுநாள் கல்யாண ஆல்பத்தோடு வந்தார். பழைய ஆல்பம், பக்கங்களுக்கு நடுவே வெண்ணெய்க் காகிதம். நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தோம். கறுப்பு வெள்ளை. மணப்பெண் சாம்பல் நிறப் புடவையில், சாம்பல் மாலையோடு, சாம்பல் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை மட்டும் கேமராவை நேராகப் பார்த்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று புரட்டினோம். எல்லாமே சாம்பல். சாம்பலிலும் கருஞ்சாம்பலாக இருக்கிறது, சிவப்புதான் அப்படி விழும் என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். அவர், பீரோ முழுக்கத் தேடிவிட்டேன், நீலத்தில் பட்டே இல்லை என்றார். அதோடு விஷயம் முடிந்தது. தன் கல்யாணத்தைத் தானே தப்பாக நினைவு வைத்திருந்த ஒரு மனிதராக அவர் அந்த நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்தார்.

“அவகிட்ட என்னம்மா சொல்றது?” என்றார்.

வெட்டினது வெட்டினதுதான். கத்தரி போன வழியில் திரும்பி வருவதில்லை. இனி என்ன சொல்வது என்பது மட்டும்தான் மிச்சம். எலி கடித்துவிட்டது என்று சொல்லச் சொன்னாள் மிஷின் அக்கா. எலி இவ்வளவு நேராகக் கட்டம் கட்டமாகக் கடிக்குமா என்று நான் கேட்டேன். நாத்தனார் வெகுநேரம் ஊசியைத் தலைமுடியில் உரசிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணப் புடவைன்னு தெரிஞ்சே வெட்டினேன்னு சொன்னா கோபம் வரும் சார். தெரியாம வெட்டினேன்னு சொன்னா மனசு விட்டுப் போயிடும். கோபம் தேவலை.”

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் தனக்குப் பொய் வராது, சொன்னாலும் மோட்டர் விஷயத்தைப் போலவே அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்றார். திங்கட்கிழமை அவளையே கடைக்கு அழைத்து வந்துவிடுகிறேன், இங்கே வைத்தே சொல்லிவிடுகிறேன் என்றார். நான்கு பேர் இருக்கிற இடத்தில் அவள் குரலை உயர்த்த மாட்டாள் என்பது அவர் நம்பிக்கை. ஓரத் தையலையும் அதற்குள் முடிக்கச் சொன்னார். அவள் பார்க்கும்போது குறை எதுவும் இருக்கக் கூடாது, குற்றம் செய்தாலும் ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும் என்கிற மாதிரி.

நாங்கள் அந்தப் போர்வையைத் தைத்தது போல வேறெதையும் தைத்ததில்லை. துக்கத்துக்காக ஆரம்பித்த வேலையைப் பயத்துக்காக முடித்தோம். நாத்தனாரும் நானும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பஞ்சு நகராமல் இருக்கக் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே நடுவை நோக்கி வந்தோம். அரக்குச் சதுரத்தில் எங்கள் ஊசிகள் சந்தித்தன. என் கல்யாணத்தில் என் முகூர்த்தப் புடவையை இஸ்திரி போடும்போது ஓரத்தில் பொசுக்கியதே தான்தான், அதை இன்றுவரை சொல்லவில்லை என்று நாத்தனார் அன்றைக்குத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன். தெரியும் என்று தனக்கும் தெரியும் என்றாள். இரண்டு பேரும் நூலைக் கடித்தோம்.

திங்கட்கிழமை வந்தார்கள். உயரமான, கறுத்த, களைத்த பெண்மணி. ரயிலிலிருந்து இறங்கிக் குளித்துவிட்டு நேராக வந்திருந்தார். அவருக்குப் பின்னால் கணவர், முகம் மழித்து, பட்டன் சரியாகப் போட்டு. எனக்கு உதவி செஞ்சவங்க என்று மட்டும் சொல்லி அழைத்து வந்திருப்பார் போல. அந்தம்மா எங்கள் மூன்று பேருக்கும் காசிக் கயிறு கொண்டுவந்திருந்தார். எங்கள் மணிக்கட்டுகளில் தானே கட்டிவிட்டார். மிஷின் அக்கா கையைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். வேலை செய்யற கையாச்சே, இறுக்கமா இருந்தா சொல்லும்மா என்றார்.

போர்வையை விரித்தோம்.

அந்தம்மா மேஜையைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டார். இது மகன் வேலைக்குப் போன வருஷம் எடுத்தது. இது கிரகப்பிரவேசத்துக்கு. ஒரு பச்சையின் மேல் விரல் நின்றது.

“இது என் தங்கச்சிது. கட்டிட்டுத் தரேன்னு வாங்கினேன். ரயில்லகூடக் கேட்டா.” கொஞ்சம் யோசித்தார். “இனிமே கேட்டா இதைக் காட்டலாம்.”

பிறகு கணவரைப் பார்த்தார். “காசிக்குப் போனா பிடிச்சதை ஒண்ணு விட்டுட்டு வரணும். நான் கொய்யாப் பழத்தை விட்டேன். நீங்க இங்க உக்காந்துகிட்டே என் பட்டுப் புடவையெல்லாம் விட வச்சிட்டீங்க.”

குரல் உயரவில்லை. கணவர் சொன்னது சரிதான். ஆனால் உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது. விரல் நடுக்கட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. கணவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

“இது… நம்ம கல்யாணப் புடவைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு” என்றார்.

“எது?”

“இதுதான்.”

“யார் சொன்னது?”

அவர் எங்களைக் காட்டவில்லை. தரையைப் பார்த்தார். நாங்கள் கத்தரிக்கோலைப் பார்த்தோம்.

“இது உங்க தம்பி கல்யாணத்துக்கு எடுத்தது. மஞ்சத் தண்ணி விளையாடும்போது உங்க சித்தப்பா பொண்ணு ஊத்திட்டா. கறை போகல, அதுலேருந்து கட்டல” என்றார் அந்தம்மா. “நம்ம கல்யாணப் புடவை எப்ப சிவப்பாச்சு?”

அந்தம்மாவே சொன்னார். அவர் அப்பா, சிவப்பு எல்லாரும் கட்டுவதுதானே என்று, காஞ்சிபுரத்தில் தனக்குப் பிடித்ததை எடுத்து வந்துவிட்டார். மண்டபத்தில் ரகளை. இந்த நிறத்தில் முகூர்த்தமா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வேறு புடவைக்கு ஆள் அனுப்பப் பார்த்தார்கள். அப்போது மாப்பிள்ளைதான் அறை வாசலில் வந்து நின்று, அதையே கட்டட்டும் என்றாராம். அதுவரை அவர் குரலையே தான் கேட்டதில்லை என்றார். அந்தப் புடவையைக் காசிக்கு எடுத்துப் போயிருந்தார். பெட்டியில்தான் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.

“நீங்க வரல. அதையாவது கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போவோம்னு எடுத்துட்டுப் போனேன்.”

கணவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் வலிக்காகத்தான் பிடித்திருப்பார். பிறகு மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, குத்தல்கூட இல்லை. தொலைந்தது கிடைத்தவர் பக்கத்து வீட்டில் சொல்வது போல.

“நான் சொன்னேன்லம்மா, நீலம்னு.”

“நீலம் இல்ல” என்றார் மனைவி. “மயில் கழுத்து.”

“கடையில அதை நீலம்னுதான் சொல்வோம்.”

“உங்க கடையில சொல்வீங்க.”

போர்வையை அந்தம்மாவே மடித்தார், மூலையோடு மூலை சேர்த்து. ஏசி விஷயம் வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார், கணவரைப் பார்க்காமல். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“ஏம்மா, நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, யார் புடவைன்னு?”

“அது வந்துக்கா, நாங்க இன்னா நென்ச்சோம்னா…” என்று மிஷின் அக்கா ஆரம்பித்தாள். நாத்தனாரின் கால், பெடல் மேலிருந்த அவள் கால் மேல் விழுந்தது. வெறும் ஊசியோடு மிஷின் தடதடவென்று ஓடி, அந்த வாக்கியத்தை மூடிவிட்டது.

அவர்கள் சாலையைக் கடந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்கள். போர்வைப் பையைக் கணவர் மார்போடு அணைத்திருந்தார். அவர் ஏதோ சொல்ல, அந்தம்மா தலையை ஆட்டி மறுக்க, அவர் மறுபடி சொல்ல, இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நிறத்தைப் பற்றித்தான் இருக்கும். ஆட்டோவில் இடம் போதாமல் போர்வை இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாக உட்கார்ந்து போயிற்று.

நாத்தனார் இப்போது பெங்களூரில், மகனோடு. அங்கே ஏசி இல்லாமலே குளிர்கிறதாம், போர்வைக்கு அர்த்தம் இருக்கிற ஊர் என்கிறாள். மிஷின் அக்கா இருக்கிறாள். படிக்கட்டோடு சண்டையும் இருக்கிறது. மேஜையின் எதிர்ப் பக்கம்தான் காலி. ஓட்டுத் தையலை இப்போது நான் ஒரு பக்கத்திலிருந்தே போட்டுக்கொண்டு போகிறேன், நடுவில் எந்த ஊசியும் வந்து முட்டுவதில்லை.

சட்டத்தை மட்டும் திருத்திவிட்டோம். போவதற்கு முன் அவள்தான் திருத்தினாள். பெண்கள் வந்தால் இன்றைக்கும் ஒன்றும் கேட்பதில்லை. ஆண் தனியாகப் பையோடு வந்தால், நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மிஷின் அக்கா தன் குரலுக்கு முடிந்த அளவு பதமாகக் கேட்கிறாள்.

“வூட்ல சொல்ட்டு வந்தியா சார்?”

பாதிப் பேர் மோரைப் பாதியில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொள்கிறார்கள்.